அம்மா போட்ட கணக்கு

பி.காம். படித்தவனிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள் சார்! எங்கப்பா கேட்டு மாட்டிக்கொண்டார்.

2012. அப்பாவுக்கு மரக்காணத்தில் உப்பு வியாபாரம். கிளியனூரிலிருந்து தினமும் பஸ். "முட்டி வலிக்குதுடா. கார் வாங்கினா பெட்ரோலா, டீசலா?" என்றார்.

அப்போது இரண்டுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். டீசலுக்கு மானியம்! காகிதம் எடுத்தேன். டீசல் கார் ஒரு லட்சம் கூடுதல். கிலோமீட்டருக்கு 3 ரூபாய் மிச்சம். தினம் 50 கிலோமீட்டர். "ரெண்டே வருஷம்ப்பா, லட்சம் திரும்பிடும்!"

முன்பணத்துக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது.

வண்டி வந்ததும் அம்மா, "டிக்கியை யாருடா வெட்டினது?" என்றாள். மத்திய பட்ஜெட்தான்! 4 மீட்டருக்குள் அடங்கும் சின்ன கார்களுக்கு 2006-ல் வரிச்சலுகை தந்தார்கள். கம்பெனிகள் ஸ்கேலும் கையுமாகக் கிளம்பிவிட்டன.

அப்புறம்தான் வேடிக்கை. "ஓட ஓட லாபம்னு நீதானேடா சொன்னே!" பஸ்ஸில் போன திண்டிவனத்துக்குக் கார். முக்குக் கடை டீக்கும் கார். மழை பெய்து உப்பளம் மூடிக்கிடந்த மாதங்களிலும் வண்டி நிற்கவில்லை. பாண்டிச்சேரியில் டீசல் மலிவு என்று அங்கே போய் டேங்க்கை நிரப்புவார். மிச்சம் பிடித்ததை மொரட்டாண்டி சுங்கச்சாவடியில் கட்டிவிட்டு வருவார்!

2013 ஜனவரியிலிருந்து டீசல் மாதாமாதம் காசு காசாக ஏறியது. 2014 அக்டோபரில் அரசு விலைக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டது. வித்தியாசம் சுருங்கியது, என் 3 ரூபாய் பாதியானது. ஆனால் அப்பாவின் ஓட்டம் குறையவில்லை. வளையல் வீடு திரும்ப ஐந்து வருடமாயிற்று. வெறுங்கையோடு நின்ற அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

வரி, மானியம், மைலேஜ் எல்லாம் எழுதினேனே... மனுஷன் எவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது என்று எழுதவில்லையே! மலிவாக ஓடும் வண்டி அதிகமாக ஓடும் என்பது எந்த பேலன்ஸ் ஷீட்டில் இருந்தது?

போன மாதம் அப்பா மறுபடி ஆரம்பித்தார். "பேட்டரி காருக்கு ஜி.எஸ்.டி. 5 பர்சென்ட்தானாமே. ஒரு கணக்கு போடேன்!"

2019 ஆகஸ்ட்டில் 12-லிருந்து 5 ஆக்கினார்கள், வாஸ்தவம்தான். ஆனால் இந்த முறை நான் காகிதம் எடுக்கவில்லை. "வியாபாரத்தைத்தான் விட்டுட்டீங்களே, தினம் எங்கேப்பா போகணும்?"

நெடுநேரம் யோசித்தார். "டீக்கடைக்கு..."

சமையற்கட்டிலிருந்து வளையல் சத்தம். கூடவே அம்மா குரல்: "அதுக்கு செருப்பு போதும்!"

அம்மா எட்டாவதுதான் படித்தவள்.