எங்கே ஷாக் அடிச்சது?

அருப்புக்கோட்டையில் நான் நைட் டியூட்டி பார்த்த காலம். திருச்சுழி பக்கத்துத் தம்பி ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. வயசு 24, எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர்கிட்ட ஹெல்பர். ஒரு மில்லுக்கு லைன் இழுக்கும்போது 11 கேவி கம்பி. "ஆஃப் பண்ணியாச்சு"ன்னு யாரோ ஃபோன்ல சொன்னாங்களாம். எர்த் ராடு போடாமலேயே ஏறியிருக்கார்.

உள்ளங்கையில் ஒரு ரூபாய் அளவு கருகல், அவ்வளவுதான். ஆனா சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போச்சு. மின்சாரம் தோலை விட்டுட்டு உள்ளே தசையை வேகவைக்கும். அதிலிருந்து கசியும் புரதம் கிட்னியை அடைக்கும். ஈசிஜி, நிறைய டிரிப்ஸ், மதுரைக்கு ரெஃபர். உயிர் தப்பிச்சது, வலது கை போச்சு.

அன்னைக்கு கான்ட்ராக்டர், "வீட்ல நடந்ததுன்னு எழுதிடுங்க டாக்டர்"னார். நான் அப்படி எழுதல. ஆனா ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் "மின்சாரம் தாக்கியது"ன்னு மட்டும் எழுதினேன். எங்கேன்னு எழுதல. சோம்பலா, பயமா, இன்னும் தெரியல.

அடுத்த வருஷம் அவங்க அம்மா அந்தத் தாளோட வந்தாங்க. "வேலையில நடந்ததுன்னு இதுல இல்லையாம்யா."

மொத்தம் நாலு பேர் வேலை பார்த்த இடம், 10 பேர் இல்லாததால அப்போ இஎஸ்ஐ இல்லை. அப்போ இருந்த 1923 இழப்பீட்டுச் சட்டம் தலை எண்ணல. ஆனா வேலையில் நடந்ததுன்னு காட்ட வேண்டியிருந்தது. கான்ட்ராக்டர் பாலிசியும் எடுக்கல. வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டுற பிரதமர் விபத்துக் காப்பீட்டில் ஒரு கை போனா 1 லட்சம். அதிலும் அவர் சேரல.

வயர்மேன் வீட்டுக்காரங்க ஏஆர் காப்பி கேட்டு வாங்குங்க. நடந்த இடம் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அப்பவே டாக்டர்கிட்ட கேளுங்க. என்னை மாதிரி ஆளா இருந்தா, சண்டை போட்டாவது.