எஸ்டிமேட்டில் வராத செலவு

சென்னைப் புறநகரில் அரை கிரவுண்டில், அதாவது 1200 சதுர அடி மனையில், ஒரு வீடு எழும்ப ஆரம்பித்தால் அது தெருவுக்கே தெரிந்துவிடும். முதலில் ஒரு லாரி வந்து எம்-சாண்டை ரோட்டின் பாதியில் கொட்டிவிட்டுப் போகும். அடுத்த நாள் ஜல்லி, அதற்கடுத்த நாள் செங்கல். ஸ்கூட்டர்கள் மிச்சமிருக்கிற பாதியில் வளைந்து நெளிந்து போகும். ஒரு மழை பெய்தால் மணல் கரைந்து மழைநீர் வடிகாலுக்குள் இறங்கும். இப்படியே எட்டு மாதமோ பத்து மாதமோ ஓடும். கடைசியில் கிரகப்பிரவேசப் பத்திரிகையோடு வீட்டுக்காரர் அக்கம்பக்கம் வருவார். "கொஞ்சம் சிரமப்படுத்திட்டோம், மனசுல வச்சுக்காதீங்க சார்" என்பார். பெரும்பாலும் யாரும் வைத்துக்கொள்வதும் இல்லை. அடுத்த வருடம் அவர்களே மாடி கட்டுவார்களே!

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் விஷயம். கோளாறு வேலையை விடுகிற முறையில் இருக்கிறது. சிலர் பொருளை எல்லாம் தாங்களே வாங்கிக் கொடுத்து மேஸ்திரியிடம் லேபர் கான்ட்ராக்ட் மட்டும் விடுவார்கள். சிலர் மெட்டீரியலோடு சேர்த்து மொத்தமாக விடுவார்கள். எப்படி விட்டாலும் கணக்கு சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான். அக்ரிமென்ட்டில் என்ன சிமென்ட், என்ன கம்பி, டைல்ஸ் சதுர அடி என்ன விலை என்று எல்லாம் இருக்கும். பேஸ்மென்ட் முடிந்தால் இவ்வளவு, லிண்டல் மட்டம் வந்தால் இவ்வளவு, தளம் போட்டால் இவ்வளவு என்று பணம் தருகிற கட்டங்களும் இருக்கும். இடிபாட்டை எங்கே கொட்டுவது, டைல்ஸ் வெட்டும் மெஷினை எத்தனை மணிக்கு ஓட்டுவது, சித்தாள் பெண்கள் எங்கே ஒதுங்குவது என்று ஒரு வரி இருக்காது. எழுதாத வேலைக்குக் கூலி கிடையாது. கூலி இல்லாத வேலையை மேஸ்திரி தன் கைக்காசில் செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. எனவே அந்தச் செலவு சத்தமில்லாமல் வேறு யார் தலையிலாவது போய் விழும். பொருளாதாரப் புத்தகங்கள் இதைப் புறச்செலவு என்கின்றன. ஒருவர் மிச்சப்படுத்துகிற காசை இன்னொருவர் கட்டுகிறார், அவ்வளவுதான்.

அதிகமாகக் கட்டுகிறவர் யார் என்று பார்த்தால் அந்தச் சித்தாள்தான். காலை எட்டு, ஒன்பது மணிக்கு வேலைக்கு வருகிற பெண் சாயங்காலம் வரை கலவை சுமக்கிறார். சைட்டில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் எங்காவது சுவரோரம் போய்விடுவார்கள். அவர் என்ன செய்வார்? தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். சித்திரை வெயிலில் செங்கல் சுமக்கிற உடம்பு தண்ணீர் இல்லாமல் எப்படித் தாங்கும்? சிறுநீர்த் தொற்று, மயக்கம் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. 1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம் கழிப்பறை, குடிநீர் எல்லாவற்றையும் கட்டாயம் என்று எழுதியது. ஆனால் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடங்கள் அதற்குள் வரவே இல்லை. சின்னத் தனி வீடுகளில் முக்கால்வாசி நாட்கள் இருப்பது நாலைந்து பேர்தான்.

இத்தனைக்கும் தீர்வு ரொம்பச் சுலபம். எப்படியும் ஒரு செப்டிக் டேங்க் கட்டத்தான் போகிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளாமல் அஸ்திவாரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு, மனையின் மூலையில் ஒரு பீங்கானை வைத்து, நாலு பக்கமும் தகரம் அடித்து, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டால் முடிந்தது. தகரத்தை வேலை முடிந்ததும் விற்றுவிடலாம். லட்சக்கணக்கில் போகிற பட்ஜெட்டில் இது ஒரு செலவா? பாதாள சாக்கடை வந்துவிட்ட தெருவில் இணைப்பு கிடைக்கும் வரை ஒரு உறைகிணற்றுக் குழி போதும். குடிக்க ஒரு கேன் தண்ணீர், மதியச் சாப்பாட்டுக்கு உட்கார ஒரு நிழல் என்றெல்லாம் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே சங்கடம்தான்.

கூடவே ஒன்று. அம்மாவோடு வேலையிடத்துக்கு வருகிற குழந்தைகள் மூடாத சம்ப்பில் விழுந்து இறந்தார்கள் என்ற செய்தி வருடா வருடம் பேப்பரில் வருகிறது. சம்ப் தோண்டிய அன்றே மேலே கம்பி வலையோ கனமான பலகையோ போட்டுவிட்டால் அந்தச் செய்தி வராது. சென்டரிங் பலகை சைட்டிலேயே கிடக்கிறது. தேவை, போட வேண்டும் என்று ஒருவர் சொல்வதுதான்.

தண்ணீர் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவதில், அதாவது க்யூரிங்கில், சிக்கனம் பிடிக்கவே கூடாது. சரியாகத் தண்ணீர் காட்டாத தளம் வெடிப்பு விடும், சீக்கிரம் ஒழுகும், கம்பி துருப்பிடிக்கும். இருபது வருடத்தில் இடிக்க வேண்டிய வீட்டைவிட இயற்கைக்குப் பெரிய நஷ்டம் கிடையாது. இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 456 சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் என்றும், சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் என்றும் சொல்கிறது. இங்கே வழக்கம், தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது. 600 சதுர அடித் தளத்தில் 2 அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் சுமார் 2800 லிட்டர் வருகிறது. வெயிலில் வற்ற வற்ற ஊற்ற வேண்டும். தூண்களுக்கோ ஹோஸ் பைப்பைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பாதித் தண்ணீர் தெருவில் ஓடும். தூணைச் சுற்றி ஈரக் கோணிச் சாக்கைக் கட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றினால் கால்வாசித் தண்ணீரில் அதே ஈரம் நிற்கும். தளத்திலும் சாக்கையோ வைக்கோலையோ பரப்பி நனைத்தாலே போதும்.

இந்தத் தேங்கிய தண்ணீருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். க்யூரிங் நாளும் கிட்டத்தட்ட அதேதான்! அதைவிட மோசம், மூலையில் மாதக்கணக்கில் கிடக்கும் தண்ணீர் டிரம். வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்து உள்பக்கச் சுவரைத் தேய்த்துக் காயவிட வேண்டும். முட்டை தண்ணீரில் மிதப்பதைவிட ஈரச் சுவரில் ஒட்டியிருப்பதுதான் அதிகம் என்பதால் வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போகாது. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த ஆஸ்பத்திரி பில் எந்த எஸ்டிமேட்டிலும் ஏறாது.

இடிபாட்டுக்கு வருவோம். பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்களிடம் "குப்பை எங்கே போச்சு?" என்று கேட்டால் "லாரிக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்" என்பார்கள். லாரிக்காரர் எங்கே கொட்டினார்? பக்கத்தில் எந்த ஏரிக்கரை, எந்த சதுப்பு நிலம் இருட்டில் ஆள் இல்லாமல் இருக்கிறதோ அங்கே. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதன் ஓரங்களில் கட்டட இடிபாடு கொட்டப்பட்ட கதை அதற்கும் பல வருடம் பழையது. வெள்ளம் வந்தால் தண்ணீர் நிற்க இடம் கேட்கிறது, இடத்தில் இடிந்த சுவர் கிடக்கிறது. உண்மையில் நல்ல செங்கல்லும் கம்பியும் மரமும் விலைக்குப் போகும். உடைந்த கல்லும் காரையும் புது வீட்டின் பேஸ்மென்ட் நிரப்பவே ஆகும். மிஞ்சுவதை மாநகராட்சி சொல்கிற இடத்துக்கு அனுப்பி, இறக்கியதற்குச் சீட்டு வாங்கிவரச் சொன்னால் போதும்.

பொருட்களில் பெரிய குற்றவாளி சிமென்ட். சுமார் 1450 டிகிரி சூட்டில் சுண்ணாம்புக்கல்லை வேகவைத்து ஒரு டன் கிளிங்கர் எடுத்தால் 0.8 டன்னுக்குக் குறையாமல் கரியமில வாயு வெளியே போகிறது. அனல்மின் நிலையச் சாம்பலை 15 முதல் 35 சதவீதம் வரை கலந்த பி.பி.சி. சிமென்ட்டில் கிளிங்கர் அந்த அளவுக்குக் குறைவு. சாதாரண வீட்டுக்கு இது தாராளமாகப் போதும். ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் வந்ததில் ஆறு கொஞ்சம் பிழைத்தது, மலைதான் பாவம். ஆகவே பொருளை மாற்றுவதோடு நிற்காமல் பொருளைக் குறைக்கவும் வேண்டும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் (1917-2007) பரப்பிய எலிப்பொறிக் கட்டு அப்படி ஒன்று. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து நடுவில் வெற்றிடம் விடுவார்கள். கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சம், வெயில் காலத்தில் உள்ளே சூடும் குறைவு. பழக்கமில்லாத கொத்தனார் கூலி கூடக் கேட்பார், கொடுக்கலாம். மொட்டை மாடியில் சோலார் பேனல் வைத்துவிட்டு 'பசுமை வீடு' என்று போர்டு மாட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சத்தத்துக்கு விதியே இருக்கிறது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளில் 2010-ல் ஒரு திருத்தம் செய்தார்கள். அதன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் போடும் கட்டுமான இயந்திரங்களை இயக்கக்கூடாது. ஆனால் பகலில் டைல்ஸ், கிரானைட் வெட்டும்போது பறக்கிற தூசு அந்த விதிக்குள் வராது. வெட்டுகிற இடத்தில் தண்ணீர் சொட்ட விட்டால் தூசு பாதிக்கு மேல் அடங்கும். அதைச் சுவாசிக்கிற தொழிலாளிக்கு சிலிக்கோசிஸ் என்ற, குணமாகாத நுரையீரல் நோய் வரலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் துணி அழுக்காவதோடு போய்விடும்.

பிரிட்டனில் 1997-லிருந்து அக்கம்பக்கத்தை மதிக்கிற கட்டுமானத்துக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. சேர்ந்துகொள்கிற சைட் வாசலில் புகார் சொல்லத் தொடர்பு விவரத்தோடு போஸ்டர் ஒட்ட வேண்டும். இங்கே அதற்குத் திட்டம்கூட வேண்டாம். வீட்டுக்காரரின் போன் நம்பரைத் தகரத்தில் பெயின்ட்டில் எழுதலாம். கான்கிரீட் போடுகிற நாளை முந்தின வாரமே நாலு வீட்டில் சொல்லிவிடலாம். பரீட்சை நேரமா, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஆனால் இவை எல்லாம் வாய்வார்த்தையாக இருந்தால் இரண்டாவது வாரமே காற்றில் போய்விடும். அக்ரிமென்ட்டிலேயே கழிப்பறை, சம்ப் மூடி, சாக்குக் க்யூரிங், இடிபாட்டுச் சீட்டு, வெட்டு வேலை நேரம் என்று அரைப் பக்கம் எழுதி, அதற்கென்று தனியாக ஒரு தொகையும் போட வேண்டும். மேஸ்திரியின் ரேட்டில் பிடிக்கக்கூடாது, மேலே கூட்டித் தர வேண்டும். கடைசித் தவணையில் 5 சதவீதத்தை நிறுத்தி வைத்து, தெருவில் கிடக்கிற மணலையும் ஜல்லியையும் கூட்டி அள்ளி, வடிகாலைத் தூர்வாரிய அன்று கொடுத்தால் சரியாக இருக்கும்.