பழைய வாசலில் ஒரு ஆள் நிற்க வேண்டும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. என்னிடம் படிக்கும், படித்த பிள்ளைகளின் பெற்றோர், குறிப்பாகப் பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பக்கத் தோட்டங்களில் இருப்பவர்கள், தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள். இது நான் விட்ட ஒரு பிழையைப் பற்றியது.

போன மாதம் ஒரு தகப்பன் அன்றைய வேலையை விட்டுவிட்டுப் பாடசாலைக்கு வந்தார். ஒரு கையில் என் விஞ்ஞானக் குறிப்பின் போட்டோகொப்பி, மற்றக் கையில் போன். குறிப்பின் முன் அட்டையில் நான் அச்சிட்ட இணைய முகவரி இருந்தது.

"சேர், இது நீங்க குடுத்த அட்ரஸ்தானே? புள்ள இதைத்தான் அடிச்சிச்சு. என்னா வருதுன்னு பாருங்க."

பார்த்தேன். சூதாட்ட விளம்பரம். கூடவே ஒரு வாத்தியார் பெற்றோர் முன் பார்க்கக் கூசும் படங்கள். அவர் சத்தம் போடவில்லை. மகளிடமிருந்து போனை வாங்கி வைத்து இரண்டு மாதமாகிறது என்று மட்டும் சொன்னார். சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கும் பிள்ளை. தான் ஒன்றும் செய்யவில்லை என்று அழுதிருக்கிறாள். அவள் சொன்னது உண்மை. பிழை என்னுடையது.

நடந்தது இதுதான். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, குறிப்புகளையும் கடந்தகால வினாத்தாள்களையும் போட ஒரு இணையத்தளம் தொடங்கினேன். பெயர் நீளமானது, பிள்ளைகள் எழுத்துப் பிழையாக அடித்தார்கள். 2023இல் 'டொட் எல்கே'யில் முடியும் சின்னப் பெயருக்கு மாறினேன். கொழும்பில் வேலை செய்யும் என் பழைய மாணவன், பழைய முகவரியை அடிப்பவர்கள் தானாகவே புதியதற்கு வரும்படி செய்து தந்தான். "சேர், பழைய பேரை மட்டும் விட்டுடாதீங்க" என்றும் சொன்னான்.

அடுத்த வருடம் பழைய பெயரைப் புதுப்பிக்கும் பில் டொலரில் வந்தது. புதுப் பெயர்தான் இருக்கிறதே, இரண்டுக்கும் எதற்குக் காசு என்று விட்டுவிட்டேன். 'டொட் கொம்' பெயரைப் புதுப்பிக்காமல் விட்டால் சில வாரத் தவணை தருவார்கள். பிறகு கூடுதல் காசு கட்டி மீட்க 30 நாள். அதன்பின் 5 நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும், யாரும் வாங்கலாம். ஏற்கெனவே ஆட்கள் வந்து போகும் பெயர் என்பதால் யாரோ வாங்கிவிட்டார்கள். என் பெயர்ப்பலகை அப்படியே தொங்குகிறது, உள்ளே வேறு வியாபாரம்.

அன்று இரவு எனக்கு வாப்பாவின் நினைவு வந்தது. எங்கள் கடை முதலில் பதுளை பசார் வீதியில் இருந்தது. தோட்டத்துச் சனங்கள் பலர் தங்கள் கடிதங்களை எங்கள் கடை முகவரிக்குத்தான் வரவழைப்பார்கள். லயத்தில் வீட்டுக்கொரு முகவரி கிடையாது. தோட்ட ஆபீசுக்குப் போகும் கடிதம் எப்போது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த கதை நம் பக்கத்தில் எத்தனை!

கடையை லோவர் வீதிக்கு மாற்றியபோது வாப்பா பழைய கதவில் காகிதம் ஒட்டினார். அது மழைக்கு நிற்காது என்று, பக்கத்துத் தேத்தண்ணிக் கடை நானாவிடமும் சொல்லி வைத்தார். வருகிறவரிடம் "அங்கே போயிட்டாங்க" என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கடைக்குப் பக்கத்தில் என்று அடையாளமும் சொல்ல வேண்டும். அதற்காக வருடக் கணக்கில் நோன்புப் பெருநாளைக்கு அந்த நானாவுக்கு ஒரு சாரம் போகும். "நம்மள நம்பி அட்ரஸ் குடுத்தவங்க மகன், அது அமானிதம்" என்பார்.

இணையத்திலும் அதே வேலைதான். பழைய முகவரியில் ஒருவர் தட்டும்போது, "நிரந்தரமாக இடம் மாறிவிட்டோம், இதோ புது முகவரி" என்று சேர்வர் சொல்லும். அதற்கு 301 என்று எண். தற்காலிகமாக மாறினால் 302. கூகுள் போன்ற தேடுதளங்கள் 301ஐப் பார்த்துப் புது முகவரியைப் பிடித்துக்கொள்ளும். குறைந்தது ஒரு வருடமாவது இதை வைத்திருங்கள் என்று கூகுள் சொல்கிறது. ஆனால் தேடுதளம் ஒரு வருடத்தில் மறந்துவிடும், போட்டோகொப்பி மறக்காது. அக்காவின் குறிப்பைத் தங்கச்சி படிக்கிறாள், பிறகு பக்கத்து லயத்துப் பிள்ளை.

பெரிய கம்பனிகளுக்கும் இந்தப் பாடம் உண்டு. டுவிட்டர் 2024 மே மாதம் எக்ஸ் முகவரிக்கு முழுதாக மாறியது, பழைய இணைப்புகளை வழிமாற்றித்தான் மாறியது. கூகுள் தன் பழைய குறுமுகவரிகளை 2025 ஓகஸ்டில் நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டு, நாள் நெருங்கியதும் பாவனையில் உள்ளவற்றை விட்டுவைக்கிறோம் என்று இறங்கி வந்தது.

பள்ளிவாசல் நிர்வாகங்கள், கோயில் சபைகள், பழைய மாணவர் சங்கங்கள் எல்லாம் இப்போது தளம் வைத்திருக்கிறீர்கள். பெயர் மாற்றினால் என் அனுபவத்திலிருந்து நாலு விஷயம்:

1. பழைய பெயரைத் தொடர்ந்து புதுப்பியுங்கள். வருடச் செலவில் அதையும் எழுதிவிடுங்கள்.

2. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பாதீர்கள். 'ஒளி' பாடத்தைத் தேடி வருபவர் 'ஒளி' பாடத்துக்கே போக வேண்டும். நான் முதல் வருடம் செய்த பிழை அது. டேட்டா கார்ட் போட்டு வரும் பிள்ளை முகப்பில் நின்று தேட மாட்டாள், திரும்பிப் போய்விடுவாள்.

3. பழைய பெயருக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் உயிரோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் புது இடத்துக்குப் போகுமுன் போன் எச்சரிக்கை காட்டி மறித்துவிடும்.

4. பழைய பெயரில் மின்னஞ்சல் வைத்திருந்தால் இன்னும் கவனம். பெயரை வாங்குபவர் அந்த மின்னஞ்சலையும் பெறலாம். அதில் திறந்த கணக்குகளின் கடவுச்சொல்லைக்கூட மாற்றலாம்.

என் பழைய பெயர் இனி என் கையில் இல்லை. அதனால் ஒரு வேண்டுகோள். 2023க்கு முந்திய என் குறிப்புகள் யாரிடம் இருந்தாலும் முன் அட்டையில் உள்ள முகவரியைப் பேனையால் அடித்துவிடுங்கள். புது முகவரி ஒட்டும் துண்டுகள் அச்சடித்து வைத்திருக்கிறேன், பாடசாலையில் வாங்கலாம். வாசகசாலைச் சுவரில் யாராவது எழுதி வைத்திருந்தால் அதையும் அழியுங்கள்.

அந்தத் தகப்பனோடு ஞாயிற்றுக்கிழமை அவர் லயத்துக்குப் போனேன். பிள்ளை முன்னாலேயே, பிழை என்னுடையது என்று சொன்னேன். போன் அவள் கைக்குத் திரும்பிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். போன இரண்டு மாதத்தை மட்டும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. விடுபட்ட பாடங்களைச் சனிக்கிழமைகளில் அவளோடு இருந்து முடித்துக் கொடுக்கிறேன், இன்ஷா அல்லாஹ். வேறு பிள்ளைகளுக்கும் இப்படி நடந்திருந்தால் கூச்சப்படாமல் என்னிடம் வாருங்கள்.

போன் இல்லாத வீடுகளுக்கும் இந்தச் செய்தியை வாய்வழியாகச் சொல்லிவிடுங்கள்.