பங்குப் புத்தகத்தில் ஒரு குடும்பம்

நம்மோடு ஒரே பள்ளியில் சில ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்த ஆஸ்திரேலிய அம்மையார் ஒருவர் உண்டு. அவர்தம் பாட்டியின் பாட்டி அயர்லாந்து நாட்டினள். 1849-ஆம் ஆண்டில், 17-ஆம் வயதில், தாய் தந்தையற்ற பெண்ணாய்ச் சிட்னித் துறையில் வந்திறங்கியவள். அவள் பிறந்த ஊரைக் கண்டறிய அம்மையார் பதினோராண்டு உழைத்தார். அவ்வுழைப்பின் கடைசிப் பகுதியை அருகிருந்து காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

அயர்லாந்து ஏழைகளின் உணவு உருளைக்கிழங்கு. 1845-இல் அப்பயிரில் நோய் புகுந்தது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறக்குறையப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அத்துணைப் பேருக்குக் குறையாமல் கப்பலேறினர். ஏழையர் விடுதிகள் நிரம்பி வழிந்தன. 1848 முதல் 1850 வரை, அவ்விடுதிகளினின்று நாலாயிரத்துக்கு மேற்பட்ட அநாதைப் பெண்கள் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். பெண்கள் குறைந்த குடியேற்ற நாட்டுக்குப் பெண்களும், செலவு மிகுந்த விடுதிகளுக்கு ஆட்குறைப்பும் ஒரே ஏற்பாட்டில் கிடைத்தன. இதனைக் கருணை என்று கூறினோரும் இருந்தனர். நாம் அங்ஙனம் கூறத் துணியோம்.

சிட்னி அதிகாரிகள் வந்திறங்கிய ஒவ்வொருத்தியின் பெயர், வயது, சொந்த ஊர், பெற்றோர் பெயர், எழுதப் படிக்கத் தெரியுமா என்பனவற்றைப் பட்டியலில் எழுதினர். நம் அம்மையாரின் மூதாட்டிக்கு நேரே கிளேர் மாவட்டம் என்றும், ஓர் ஊர்ப்பெயரும் இருந்தன. ஊர்ப்பெயரோ எந்தப் படத்திலும் இல்லை. அவள் ஐரிஷ் நாவால் சொன்னதை ஆங்கிலக் குமாஸ்தா தம் காதுக்கு எட்டியவாறு எழுதிவிட்டார். தோட்டப் பதிவேட்டில் தம் பாட்டனார் ஊர் பெயர் திரிந்து கிடப்பதைக் கண்ட வாசகர்க்கு இது புதிதன்று.

அயர்லாந்தில் சிற்றூர்ப் பிரிவுகள் மட்டும் அறுபதாயிரத்துக்கு மேல் உண்டு. ஆதலின், குடும்பத்தைத் தேடுவோர் முதலில் அறிய வேண்டுவது பங்கு. அஃதாவது, இன்ன கோவிலைச் சேர்ந்த குடிகள் என்பது. அரசாங்க ஏடுகளை நம்பிப் பயனில்லை. 1861, 1871 குடிக்கணக்குகளை அரசாங்கமே அழித்தது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போர்க்காலத்தில் கூழாக்கப்பட்டன. அவற்றுக்கு முந்தியவற்றுள் பெரும்பகுதி, 1922 ஜூன் 30-ஆம் நாள், உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்தது. ஆளுவோரின் சபை தன் ஞானஸ்நானப் புத்தகங்களுள் பலவற்றைப் பத்திரமாயிருக்கட்டும் என்று அங்கேயே ஒப்புவித்திருந்தது, அவையும் சாம்பலாயின. ஏழைக் கத்தோலிக்கரின் புத்தகங்களோ பங்குக் குருமாரின் வீடுகளில் ஈரமும் எலியும் தீண்டக் கிடந்து பிழைத்தன! 2015-இல் அந்நாட்டுத் தேசிய நூலகம் அவற்றின் படங்களை எவரும் இலவசமாய்க் காணக் கணினியில் வெளியிட்டது.

ஓரிரவு நம் வீட்டு மேசையில் அம்மையாரும் நாமும் அப்படங்களைத் திறந்தோம். ஒலி ஒத்த மூன்று ஊர்களைத் தள்ளி, நான்காவதான ஒரு பங்கை அவர் குறித்து வைத்திருந்தார். மை மங்கிய எழுத்து. ஜேம்ஸ் என்பான் இலத்தீனில் ஜாக்கோபஸ் ஆகியிருந்தான். வில்லியம் குலியெல்மஸ் ஆகியிருந்தான். மூதாட்டி பிறந்தது 1832-ஆம் ஆண்டையொட்டி. புத்தகம் தொடங்குவதோ 1836-இல். வறுமை மிக்க மேற்குப் பகுதிகளிலேதான் புத்தகங்கள் பிந்தித் தொடங்குகின்றன. அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

நாமோ பொழுதுபோக்காகவே பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்தோம். 1839-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஓர் ஆண்குழந்தை. தந்தை பெயர் கப்பற் பட்டியலிற் கண்ட பெயரே. தாயின் பெயரும், அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு, ஒத்திருந்தது. அப்புத்தகங்களில் மணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் விடாமல் எழுதப்பட்டிருப்பது நமக்கு மிகவும் பிடித்த வழக்கம். அம்மையார் அவ்வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். மூதாட்டிக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதை அவர் குடும்பத்தில் அதுவரை ஒருவரும் அறியார்.

1846-க்குப் பின் அக்குடும்பத்தின் பெயர் அப்புத்தகத்தில் இல்லை. சில ஆண்டுகள் கழித்து எடுத்த நிலவரி மதிப்பீட்டில், அச்சிற்றூரில் அப்பெயருடைய குடி ஒன்றுமில்லை. இறந்தோரை அக்குருமார் பெரும்பாலும் எழுதினாரல்லர்.

அடுத்த கோடையில் அம்மையார் அப்பங்குக்குச் சென்றார். முழங்கால் உயரச் சுவர் இரண்டும், முட்செடியும் இருந்தனவாம். அண்டை வயலுக்குடைய முதியவர் தேநீர் கொடுத்து, தாம் அறிந்தவரை அவ்விடத்தில் எவரும் குடியிருந்ததில்லை என்றாராம்.

1847-இல் கனடாவின் கியூபெக் பகுதிக்குச் சென்ற கப்பல்களில் பெற்றோரை இழந்த ஐரிஷ் குழந்தைகள் பலர். பிரெஞ்சு மொழி பேசும் குடும்பங்கள் அவர்களுட் பலரை எடுத்து வளர்த்தன. தம்பிக்கு அவ்வாண்டில் எட்டு வயது. அம்மையார் இப்போது பிரெஞ்சு கற்று, அக்குழந்தைகளின் பெயர்ப் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கிறார்.