இருவர் படுக்க ஒரு வண்டி

திருச்சானூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிரயாணம் என்பது பெரும்பாலும் எதிர்த்திசையிலேயே நடைபெறுகிறது. நாம் உறவினரைக் காணப் புறப்படுவதற்கு முன்பே அவர்கள் நம்மைக் காண வந்துவிடுகிறார்கள். மலைமேல் வேங்கடவனைத் தரிசித்து, கீழே இறங்கிப் பத்மாவதித் தாயாரையும் சேவித்துவிட்டு, "அப்படியே உங்களையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று" வருகிறவர்களை வரவேற்பதிலேயே எங்கள் முப்பத்தோராண்டு வாழ்க்கை கழிந்தது. இதில் எங்களுக்குக் குறை ஏதும் இல்லை. ஆயினும் உலகம் முழுவதும் தேடி வரும் ஊரில் இருந்துகொண்டே, தஞ்சைப் பெரிய கோயிலை நாங்கள் கடைசியாகப் பார்த்தது மணமான ஆண்டில்தான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

சென்ற ஆண்டு உத்தியோகம் முடிந்தது. கைக்கு வந்த தொகையில் நான்கு லட்ச ரூபாயைப் பிரயாணத்திற்கென ஒதுக்கினோம். எஞ்சியது வைத்தியத்திற்கும் முதுமைக்கும். அதில் கை வைப்பதில்லை என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். இக்கட்டுரையை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோமாதலால், எங்களை நாங்களே அம்மையார் என்றும் ஐயா என்றும் குறிப்பிட்டுக்கொள்வதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அம்மையாருக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். இரண்டு மணி நேரத்திற்கு மேல் காலைத் தொங்கவிட்டு உட்காரலாகாது என்பதும், நடுப்பகலில் சற்றே கால் நீட்டிப் படுக்க வேண்டும் என்பதும் வைத்தியர் கட்டளை. ஐயாவுக்குக் கண்புரைச் சிகிச்சை நடந்திருக்கிறது. பகலில் வண்டி ஓட்டத் தடையில்லை, இரவில் ஓட்டுவதில்லை என்று அவரே வகுத்துக்கொண்டார். இன்னும் எட்டு ஆண்டுகள் ஓட்ட முடிந்தால் பெரிது. ரயிலும் விடுதியும் எங்களுக்கு ஒத்து வரவில்லை. ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளும், மின்தூக்கி இல்லாத விடுதியின் இரண்டாம் மாடி அறையும் அம்மையாரின் முழங்காலை நன்கு அறியும். ஆகவே, உள்ளேயே படுத்துறங்கக் கூடிய ஒரு பழைய வேனை வாங்குவதென்று தீர்மானித்தோம்.

இதைக் கேட்ட நண்பர்கள் சிலர், இது மேனாட்டாரைப் பார்த்து வந்த ஆசை என்று நகைத்தார்கள். ஜெர்மனியில் 1950ஆம் ஆண்டு வெளிவந்த வோக்ஸ்வாகன் வேனுக்குள், மறு ஆண்டிலேயே வெஸ்ட்ஃபாலியா என்னும் நிறுவனத்தார் படுக்கையும் பெட்டியும் அமைத்து விற்றார்கள் என்பது உண்மைதான். ஆனால் நம் முன்னோர் இதே திருப்பதிக்கு எப்படி வந்தார்கள்? கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, அடியில் பாத்திரங்களைத் தொங்கவிட்டு, சாவடிதோறும் அவிழ்த்துப்போட்டுச் சமைத்துக்கொண்டு வந்தார்கள். அந்த வண்டிக்கு மாட்டுக்குப் பதில் பெட்ரோல் தேவை என்பதைத் தவிர எங்கள் யோசனையில் புதுமை ஒன்றுமில்லை.

முதலில் பெரிய ஆசையைப் பார்த்தோம். சென்னைச் சாலையில் ஒருவர் பழைய டெம்போ டிராவலரை விற்பதாகச் செய்தி வந்தது. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், பீரோவும் வைக்கலாம், ஐயாவுக்கு அதை விட்டு வர மனமில்லை. ஆனால் அது மஞ்சள் பலகை வண்டி. வாடகை வண்டியாகப் பதிவானதைச் சொந்த வண்டியாக மாற்றுவதற்கு, பர்மிட்டை ஒப்படைக்க வேண்டும். வரி பாக்கி இல்லை என்று காட்ட வேண்டும். போக்குவரத்து அலுவலகத்தில் வகை மாற்றத்திற்கு மனுக் கொடுக்க வேண்டும். மாற்றாவிட்டால் வரியும் தகுதிச் சான்றும் விடாமல் தொடரும். அம்மையார் ஏறிப் பார்த்தார். படிகள் செங்குத்தானவை. மூன்றாம் முறை ஏறும்போது, "நிற்பதற்கு வீடு இருக்கிறது, நமக்கு வேண்டியது படுப்பதற்கு வண்டி" என்றார். எங்கள் தேடலில் இதைவிடப் பயனுள்ள வாக்கியம் பின்னர் வரவில்லை. இரண்டு பேர் மட்டுமே போகும் வண்டியில் நிற்கும் உயரத்திற்காகக் கொடுக்கும் விலையும், டீசலும், குறுகிய தெருக்களில் திருப்ப முடியாத அவதியும் வீண் என்பது எங்கள் துணிபு.

அடுத்துப் பார்த்தது மாருதி ஆம்னி. 1984இல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்து, 2019இல் உற்பத்தி நின்ற இந்த வண்டியை அறியாத தமிழர் இல்லை. 796 சி.சி. என்ஜின், உதிரிப் பொருள் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பழுது பார்ப்பார். நாங்கள் கண்ட ஆம்னி ஆம்புலன்ஸாக ஓடியது. "இதில் எத்தனை உயிர் போயிருக்குமோ?" என்று ஐயா தயங்கினார். "எத்தனை உயிரைப் பிழைக்க வைத்ததோ என்று நினைத்துக்கொள்ளுங்களேன்" என்றார் அம்மையார். சகுனத்தைக் கடந்துவிட்டோம், பதிவுச் சான்றைக் கடக்க முடியவில்லை. அதில் வண்டியின் வகை ஆம்புலன்ஸ் என்றே இருந்தது. அதுவும் போக்குவரத்து வண்டி வகையே. மேலும் ஐயா ஐந்தடி எட்டங்குலம். முழங்காலை மடக்காமல் அதில் படுக்க இயலவில்லை.

மூன்றாவது வண்டி, தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பால் ஒரு பழைய வண்டிக் கடையில் நின்றது. விலை மலிவு. இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம்மவர் பலர் ஊரிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து இங்கே வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு மாநிலத்தில் செய்த பதிவு நாடெங்கும் செல்லும். ஆயினும் வேற்று மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வைத்திருந்தால், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி அங்கே புதிய எண் பெற வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்திலிருந்து 28ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே வரியும் செலுத்த வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெறுவதற்கு வேறொரு மனு. மலிவு என்று தோன்றிய விலை இதையெல்லாம் கூட்டியபோது மலிவாக இல்லை. அதற்கும் மேலாக, பதிவுச் சான்றின் அடியில் ஒரு வங்கியின் பெயர் இருந்தது. கடன் தீர்ந்துவிட்டது, தாள் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று கடைக்காரர் முகம் மலரச் சொன்னார். கடன் தீர்ந்ததென்றால் வங்கி தரும் கடிதமும் 35ஆம் எண் படிவமும் எங்கே என்று அம்மையார் கேட்டார். தாள் வரட்டும், நாங்களும் வருகிறோம் என்று காப்பி குடித்துவிட்டுத் திரும்பினோம்.

இதற்குள் எங்கள் தேவை தெளிந்துவிட்டது. வெள்ளைப் பலகை, ஆந்திரப் பதிவு, வங்கிக் கடன் இல்லாமை, ஐயா நேராகப் படுக்கும் நீளம். இவற்றோடு ஐயா இன்னொன்றும் சேர்த்தார். 2019ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். பிரேக்கும், ஜூலையிலிருந்து ஓட்டுநருக்கு ஏர்பேக்கும் புதிய கார்களில் கட்டாயமாயின. அதற்குப் பிறகு தயாரானதாக இருந்தால் நல்லது. மூக்கு நீளமில்லாத இத்தகைய வண்டிகளில் முன்னால் இடித்தால் முழங்காலுக்கும் தகரத்திற்கும் இடையே இருக்கும் தூரம் சிறிது. ஆகையால் இதை ஆடம்பரமென்று நாங்கள் கருதவில்லை.

ரேணிகுண்டாவில் ஒரு துணி வணிகரிடம் அப்படியொரு மாருதி ஈகோ இருந்தது. 2010இல் வெளிவரத் தொடங்கிய இந்த வகை வண்டி, ஏறத்தாழ 1200 சி.சி. என்ஜினும், ஆம்னியைவிட ஓர் அடி கூடுதல் நீளமும் உடையது. அவருடையது 2019ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தயாரானது. 39 என்ற எண் கொண்டது. (அவ்வாண்டு முதல் ஆந்திரம் முழுமைக்கும் அந்த ஒரே எண்ணைக் கொடுத்தார்கள்; சித்தூர் மாவட்டத்தின் பழைய 03 எண்ணைக் கண்டால் எங்களைப் போன்றவர்களுக்கு இன்றும் ஒரு பாசம்.) துணி மூட்டை ஏற்றுவதற்காகப் பின் இருக்கையைக் கழற்றிக் கிடங்கில் போட்டிருந்தார். தளம் காலியாக இருந்ததால், எங்கள் பாயை விரித்து அங்கேயே படுத்துப் பார்த்தோம். முன் இருக்கைகளைச் சற்று முன்னே தள்ளியதும் ஐயாவின் பாதம் கதவில் இடிக்கவில்லை. கடைப் பையன்கள் சிரித்தார்கள். வணிகர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் தள்ளித் திறக்கும் கதவு அகலமாக இருந்ததால், ஒரு மணையைத் தரையில் போட்டதும் அம்மையார் சிரமமின்றி ஏறினார்.

நகரிப் பக்கத்திலிருந்து வந்து திருப்பதியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரை மறுநாள் விடியற்காலையில் அழைத்துச் சென்றோம். வண்டியை யாரும் கிளப்புவதற்கு முன் போக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஏற்கெனவே சூடேற்றி வைத்த என்ஜின் எல்லா நோயையும் மறைத்துவிடுமாம். குளிர்ந்த நிலையில் கிளப்பியபோது நீலப் புகை வருகிறதா என்று பார்த்தார். வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். இவ்வண்டிகளில் என்ஜின் முன் இருக்கையின் அடியில் இருப்பதால், இருக்கையைத் தூக்கி ஆயில் கசிவு தேடினார். பிறகு தரைவிரிப்பை உரித்து, டார்ச்சு அடித்துத் துருவைத் தேடினார். கதவின் கீழ்த்தடத்தில் மட்டும் கொஞ்சம் துரு. "இது வைத்தியத்தில் போய்விடும் அம்மா, அடித்தளத்தில் இருந்திருந்தால் வாங்க விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

டயர்களின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. இதில் 3419 என்று இருந்தது. அதாவது 2019ஆம் ஆண்டின் முப்பத்து நான்காவது வாரம். பட்டை தேயவில்லை, ஆனால் ரப்பர் மயிரிழையாக வெடித்திருந்தது. தேய்மானத்தை மட்டும் பார்க்கிறவர் இதைக் கவனிப்பதில்லை. நான்கு டயர்களின் விலையை வணிகர் குறைத்துக்கொண்டார். பெட்ரோல் எங்கள் செலவு என்ற ஏற்பாட்டில் அவர் மகனையும் ஏற்றிக்கொண்டு, சந்திரகிரி வழியே பாகராப்பேட்டை மலைப்பாதை வரை சென்றோம். ஏற்றத்தில் கிளட்ச் தீய்ந்த வாடை வரவில்லை. இருக்கையின் அடியில் சூடு வந்தது. அது இந்த வண்டியின் பிறவிக் குணம் என்றும், தடித்த விரிப்பு ஒன்று போடலாம் என்றும் மெக்கானிக் சொன்னார்.

பின் இருக்கையைத் திரும்ப மாட்டி, பெல்ட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுத்தோம். பதிவுச் சான்றில் ஐந்து இருக்கை என்றிருக்கிறது. அந்த இருக்கையும் வண்டியின் பகுதியே. 29, 30ஆம் எண் படிவங்களில் கையொப்பம் ஆயிற்று. பெயர் மாற்றத்திற்கு வாங்கியவருக்கு முப்பது நாள் கெடு. காப்பீட்டை மாற்றப் பதினான்கு நாள். இரண்டையும் ஒரு வாரத்தில் முடித்தோம். பதிவு 2034 வரை செல்லும். ஐயா அந்த ஆண்டைப் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சான்றை உறையில் இட்டார்.

உள்ளே என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். கூரையை உயர்த்துவது, உடலை அறுப்பது போன்றவற்றைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதிப்படுத்தியது. ஆகவே திருச்சானூர்த் தச்சர் ஒருவரைக் கொண்டு, திருகாணியில்லாமல் தூக்கி வைத்து எடுக்கும் மூன்று பலகைகள் செய்வித்தோம். அவற்றின் மேல் இலவம்பஞ்சு மெத்தை. கீழே இரண்டு பெட்டி, தண்ணீர்க் குடம், மடக்கும் கழிப்பு நாற்காலி ஒன்று. கடைசிப் பொருளைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தோம். எழுதத்தான் வேண்டும். நெடுஞ்சாலையில் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் பிரயாணம் செய்வதன் காரணம் எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை நோயுள்ள அம்மையாரால் அது இயலாது. கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுவது 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பினால் கூடாது. நிறுத்திய பின் கட்டி, புறப்படும்போது அவிழ்க்கும் காடாத் துணித் திரை தைத்தாயிற்று.

அடுப்பைப் பற்றி எங்களுக்குள் சிறு வழக்கு நடந்தது. காலைக் காப்பியை உள்ளேயே போட வேண்டும் என்பது ஐயாவின் கட்சி. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சே காரணம் என ஆய்வு கண்டது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குகிறவர் விழிப்பதே இல்லை. அம்மையார் இதை எடுத்துச் சொன்னதும் வழக்கு முடிந்தது. அடுப்பு வெளியே, வண்டியிலிருந்து பத்தடி தள்ளி. என்ஜினை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தில் உறங்குவதும் இல்லை.

சென்ற வாரம் எங்கள் வாசலிலேயே நிறுத்தி ஓர் இரவு படுத்துப் பார்த்தோம். மெத்தை நன்று, கொசு மிகுதி. பின்கதவை உயர்த்தி வைத்தால் அதன் விளிம்பிலிருந்து தரைவரை தொங்கும்படி ஒரு வலை வேண்டும். அளவெடுத்துக் கொடுத்திருக்கிறோம், தையற்காரர் வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஜனவரியில் சூளூர்ப்பேட்டைக்கு அருகே நேலப்பட்டு ஏரிக்குக் கூழைக்கடா பார்க்கப் போகிறோம். அது எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது, இதுவரை கண்டதில்லை.