கிடைக்காத இதழ்

நூல்களையும் இதழ்களையும் தேடிச் சேர்ப்போரிடம் ஒரு பொதுவியல்பு உண்டு. கையிலுள்ள நூறு இதழ்கள் தரும் மகிழ்ச்சியைக் கைக்கு எட்டாத ஓரிதழ் குலைத்துவிடும். சித்திரக்கதை ரசிகரிடத்தில் இவ்வியல்பு மேலும் தீவிரமானது. வரிசை இலக்கமிட்டு வெளிவரும் தொடரில் ஓரிலக்கம் இல்லாது போயின், பல் விழுந்த இடத்தை நா துழாவுவது போல அவர் மனம் அவ்விடத்தையே நாடும். 1938ஆம் ஆண்டு அமெரிக்காவில் பத்துச் சதத்துக்கு விற்கப்பட்ட, சூப்பர்மேன் முதன்முதல் தோன்றிய இதழ், இன்று பல மில்லியன் டொலருக்கு விலைபோகின்றது. அதன் அருமைக்குக் காரணம் எளிது. சிறுவர் படித்தனர், கிழித்தனர், எறிந்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழந்தாள் சேகரிப்புக்கும் கொடுத்தனர். பேணத்தக்கதென எவரும் எண்ணாத பொருளே பின்னர் அரும்பொருளாகின்றது.

தமிழில் அத்தகைய இடத்தைப் பெற்றது, 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடான 'இரும்புக்கை மாயாவி'. இதன் மூலக்கதை 1962இல் இங்கிலாந்தின் 'வாலியண்ட்' வார இதழில் தொடங்கியது. ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ அதற்குப் படம் வரைந்தார். விபத்தொன்றில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டல், மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரிய நடமாடுவார். இதுவே கதையின் அச்சாணி.

இம்மாயாவியைத் தேடும் ஒருவரைப் பெல்மதுளைப் பகுதியிலே வைத்து எண்ணிப் பார்ப்போம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், எம்பிலிப்பிட்டிய வீதி பிரியும் சந்தி அது. சுற்றிலும் இறப்பரும் தேயிலையும். பள்ளத்தில் மாணிக்கக் குழிகள். அங்குள்ள தோட்டமொன்றின் லயத்தில் 1970களின் இறுதியில் அவர் சிறுவர். அப்பத்தாண்டின் முற்பாதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்திருந்ததால், அவர் கண்ட பிரதி கடையில் வாங்கியதன்று. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ஊர்போய் மீண்ட உறவினரொருவரின் பெட்டியில், துணிமணிகளுக்கிடையே வந்தது.

லயத்தில் ஒரு புத்தகம் ஒருவருக்கே உரியதாக இருப்பதில்லை. அது காம்பராவிலிருந்து காம்பராவுக்குப் போகும். எழுத்தறியாத பாட்டியும் படம் பார்ப்பார். வாசிக்கத் தெரிந்த சிறுவன் உரத்து வாசிக்க, வேலை முடிந்து வந்தோர் வாசற்படியில் அமர்ந்து கேட்பர். மின்சாரம் பாய்ந்தால் மறையும் மனிதனின் கதை, மின்சாரமே எட்டாத வரிசை வீடுகளில், குப்பி விளக்கொளியில் படிக்கப்பட்டது. பிள்ளைகள் அதனை நகைப்பாகக் கொள்ளவில்லை. உடல் தெரியாது கை மட்டும் தெரியும் மனிதனை அவர்கள் அறிவார்கள். விடியுமுன் பால் வெட்டப் போகும் தந்தையின் கையையும், கொழுந்து பறிக்கும் தாயின் கையையும் மட்டுமே செக்றோலும் கணக்கப்பிள்ளையின் தராசும் கண்டன. அக்கைகளுக்குரிய ஆட்களில் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டின் கணக்கிலிருந்தே மறைத்துவிட்டிருந்தது.

பின்னர் 1964இன் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்தனர். ஒரே லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்த குடும்பங்களில் ஒன்றுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் மற்றதற்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்தன. நம் வாசகரின் பிரதியைக் கடைசியாக இரவல் வாங்கியவன் அடுத்த காம்பராத் தோழன். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது இரு குடும்பங்களும் இறப்பர்க் காட்டுக்குள் ஓடி ஒளிந்தன. திரும்பியபோது லயத்தின் ஒரு பகுதி எரிந்திருந்தது. சில வாரங்களில் தோழனின் குடும்பம் கப்பலேறியது. இதழ் தீக்கிரையாயிற்றா, தோழனின் றங்குப் பெட்டியில் கடல் கடந்ததா என்று கேட்கவும் வாய்க்கவில்லை.

கதை மட்டுமே வேண்டுமெனில் அவர் தேடல் எப்போதோ முடிந்திருக்க வேண்டும். மாயாவியின் பழைய கதைகள் பின்னர் மறுபதிப்பாக வந்தன. அவரும் வாங்கிப் படித்தார். தாள் வெள்ளை, அச்சுத் தெளிவு, கதையிற் குறையில்லை. எனினும் அவர் குறிப்பேட்டில் முதலாம் இலக்கத்துக்கு நேரே இன்றும் வெற்றிடமே உள்ளது. கொழும்பின் பழைய புத்தகக் கடைகளிலும், தமிழகம் போனவிடத்துச் சென்னை நடைபாதைகளிலும் அவர் தேடினார். எந்தப் பழம் பிரதியை எடுத்தாலும் முதலில் விலையைப் பார்ப்பதில்லை. அட்டையின் உட்புறத்தையே பார்ப்பார். தோழர் இருவரும் மைப்பேனாவால் பெயரெழுதிய இடம் அது. ஆதலின் அவர் தேடுவது கதையையன்று, அரும்பொருளையுமன்று. இருவர் ஒரே லயத்தில் இருந்தனர் என்பதற்குச் சான்று தேடுகிறார்.

சித்திரக்கதைக்காக இத்துணை வருந்துவது முதிர்ச்சியாகுமா என்று கற்றோர் வினவலாம். சேகரிப்பு வணிகமாகி, பழைய இதழொன்றுக்கு ஏழை வாசகன் எட்டமுடியாத விலை கூறப்படுவதும் உண்மையே. பெட்டிக்குள் பூட்டி வைத்துப் பெருமைப்படுவோரும் உளர். ஆயினும் தோட்டத்துச் சிறுவர் பலருக்குப் பாடப்புத்தகத்துக்கு வெளியே முதன்முதல் வாசிப்பின்பத்தைத் தந்தவை இத்தகைய மலிவுத்தாள் ஏடுகளே. ஒரு சமூகம் எதைப் படித்து வளர்ந்தது என்பதை அறியாது அதன் இலக்கியத்தை ஆராய்வது, வேரைப் பாராது மரத்தை அளப்பதாகும்.

இதில் நிறுவனங்களுக்கும் பங்குண்டு. இலங்கையில் அச்சாகும் நூல்களையும் இதழ்களையும் அரச சுவடிக்கூடத்துக்கு அளிக்கவேண்டும் என்பது சட்டம். கடல் கடந்து பெட்டிக்குள் வந்த ஏடு அச்சட்டத்துக்குள் வாராது. தோட்டப் பகுதியிலோ, அதனைச் செல்லரிப்பும் இராமபாணமும் இரத்தினபுரியின் ஓயாத மழையும் ஒருபுறம் தின்றன. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் தீ மறுபுறம் தின்றது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 1981இல் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களை உலகம் அறியும். லயத்துப் பெட்டிகளில் எரிந்தவற்றுக்குப் பட்டியலே இல்லை.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் ஏடுகளை மின்வடிவிற் பேணி வருகின்றது. அம்முயற்சியின் அருகே பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆற்றக்கூடிய எளிய பணியொன்றுண்டு. விடுமுறையில் தோட்டத்துக்குத் திரும்பும் மாணவர், முதியோரிடம் அவர்கள் எவற்றைப் படித்தனர், எவர் வாசிக்கக் கேட்டனர், அப்புத்தகங்கள் எங்கே போயின என்று கேட்டு எழுதி வரலாம். ஏடு கிடைக்காவிடினும் அது இருந்த செய்தி எஞ்சும். பெல்மதுளை வாசகரின் குறிப்பேட்டிலுள்ள வெற்றிடத்தை அது நிரப்பாது. ஆயினும் அவ்வெற்றிடத்தின் எதிரே இரண்டு பெயர்களை எழுதி வைக்கலாம். அவற்றுள் ஒன்றுக்குரியவர் தமிழகத்தின் ஏதோவோர் ஊரில் இதே இதழை நினைத்துக்கொண்டிருக்கவும் கூடும்.