பழவேற்காட்டுக் காயலில்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறியோசை கேட்டே வளர்ந்தவன் நான். பட்டின் நிறங்களை அறிந்த அளவு பறவைகளின் நிறங்களை அறியேன். ஓய்வு பெற்றபின், ஒரு தை மாதத்தில், பேரனுடன் பழவேற்காட்டுக்குச் சென்று, காயற்கரையில் வீடொன்றை வாடகைக்கு அமர்த்தி மூன்று நாள் தங்கினேன்.

வங்கக் கடலை அடுத்து, தமிழகத்திலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கும் இவ்வுவர்நீர்க் காயல், இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்த பரப்புடையது. 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இங்குக் கோட்டை எழுப்பித் துணி வாணிகம் செய்தனர்.

விடியலில் படகேறினோம். ஆழமற்ற நீரில் பூநாரைகள் நூற்றுக்கணக்கில் நின்றன. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சேற்றைச் சலித்து, பாசியையும் சிற்றுயிர்களையும் உண்டன. அவ்வுணவே அவற்றின் இறகுக்குச் செம்மை தருகிறது.

“சற்று நெருங்குங்கள், அவை பறந்தால் சிறகின் சிவப்பைக் காணலாம்” என்றேன்.

படகோட்டி கோலை ஊன்றிப் படகை நிறுத்தினார். “ஐயா, இவை வெகுதூரம் வந்த விருந்து. பசியாறும்போது எழுப்பலாமா?” என்றார்.

விருந்தோம்பலைப் பல்லாண்டு பாடம் சொன்ன என் நாவில் மறுமொழி எழவில்லை. அங்கேயே காத்திருந்தோம். வெயில் ஏறியதும் அவை தாமாகவே எழுந்தன. வெண்பட்டுக்குச் சிவப்பும் கறுப்புமாய்க் கரை கட்டினாற்போலச் சிறகுகள் விரிந்தன. பேரன் இமை கொட்டாது நின்றான்.

மாணவர்களே, நூலில் நான் கற்பித்ததை வாழ்வில் கடைப்பிடித்தவர் அப்படகோட்டியே. காணும் ஆசையிலும் கண்ணோட்டம் வேண்டும்.